காளவாய்க்குப் போன உத்திரம்

போன வைகாசியில் பூதலூர் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். புது வீட்டுக்கு நிலை, கதவு செய்ய என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது உத்திரமும் கைமரங்களும் டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தன.

“எங்க போகுதுங்க ஐயா?”

“செங்கல் காளவாய்க்கு ஆசாரியாரே. செல்லரிச்ச கட்டை, யாருக்கு வேணும்?”

ஒன்றை இறக்கச் சொல்லி நாலு இழுப்பு இழைத்துப் பார்த்தேன். புகைக்கரி சுருளாக உதிர்ந்ததும் உள்ளே தேன் நிறம், தேக்குக்கே உரிய எண்ணெய் வாசனை. பர்மா தேக்கு. பூச்சி தொட்டது ஓரத்தில் நகக்கண் அளவுதான். அதற்குள் முதல் நடை போயிருந்தது. மிச்ச மரத்தில் தலைவாசல் நிலையைச் செய்து கொடுத்தேன்.

நாற்பது வருஷமாக உளி பிடிக்கிறேன். காடு குறைவதைக் கணக்குப் பார்த்து நான் தெரிந்துகொள்ளவில்லை, என் கைக்கே தெரிகிறது. இப்போது மரவாடியில் கிடைப்பது ஈக்வடார், பனாமா, கானா என்று கப்பலில் வரும் தோட்டத்துத் தேக்கு. இருபது, இருபத்தைந்து வருஷத்தில் வெட்டிவிடுகிறார்கள். நடுவில் கொஞ்சம் வைரம், சுற்றிலும் வெள்ளை. முதல் தரம் என்று ஒரு மரவாடியில் சொன்னதை நம்பி வாங்கிய சட்டங்களில் இரண்டு மழைக்காலத்துக்குள் கரையான் ஏறிவிட்டது. கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா வருத்தப்பட்டது இன்னும் மனசில் நிற்கிறது.

கூடலூர்க் காடுகளுக்காக நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் முறையான திட்டமில்லாமல் காட்டு மரம் வெட்டுவதை நாடு முழுவதும் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் நம் மர ஆசை குறையவில்லையே! கோடரி பர்மாப் பக்கம் திரும்பியது. அங்கும் காடு தேய, 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை மியான்மர் தடை செய்தது. நம் காட்டைக் காத்துக்கொண்டு அடுத்தவர் காட்டை அழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டைக்காரர்களைப் பாருங்கள். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களுடைய நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடைவது. பச்சை மரம் உதவாது. பல தலைமுறை காய்ந்த மரத்துக்காக, எந்த ஊரில் பழைய வீடு பிரிக்கிறார்கள் என்று விசாரித்துப் போய் வாங்குகிறார்கள். டெல்டாவில் காடென்று பெரிதாக ஏது? நமக்கு இருக்கும் முதிர்ந்த காடு இந்தப் பழைய வீடுகளின் கூரைதான். அதைத்தான் காளவாயில் போடுகிறோம்.

வீடோ பழைய பள்ளிக்கூடமோ, பிரிப்பதற்கு முன் ஒரு தச்சரைக் கூப்பிட்டு மரத்தைப் பார்க்கச் சொல்ல ஊராட்சிகள் ஏற்பாடு செய்யலாம். செலவில்லாத வேலை. அடுத்தது கன்று. வனப்பரப்பும் மரப்பரப்பும் சேர்த்து 33 சதவீதம் ஆக்கப் பசுமைத் தமிழகம் இயக்கத்தை 2022இல் அரசு தொடங்கியது. இன்று நாம் கால் பங்கை ஒட்டித்தான் நிற்கிறோம். எத்தனை கன்று நட்டோம் என்பதோடு, எத்தனை மரத்தை அறுபது வருஷம் நிற்க விடுவோம் என்றும் சொல்ல வேண்டும். கல்லணைக் கால்வாய்க் கரையில் தேக்கு நன்றாக வரும். அதோடு வேம்பு, பூவரசு, வாகை, இலுப்பையும் வரட்டும்.

வீடு கட்டுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. வேப்பமர நிலை வைத்தால் வசதியில்லாதவர் என்று ஊர் நினைக்கும் என எத்தனையோ பேர் என்னிடம் தயங்கியிருக்கிறார்கள். நன்றாக ஆறிய வேம்பு நம் வெயிலையும் கரையானையும் தாங்கும்.

என் பட்டறைக்குப் பின்னால் அறுத்து அடுக்கிய இரண்டு வேப்பந்தடி, இரண்டு வருஷமாக நிழலில் ஆறுகிறது. ஆவணியில் மகள் வீட்டுக்கு நிலை வைக்கிறோம். அந்த மரத்தில்தான்.