தலையங்கம்: ஒரு தரப்புக்குத் தடை, மறு தரப்புக்கு ஆயுதம்



கிள்ளானில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குச் சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட வந்த பெரியவர் ஒருவர், வேலை முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவருடைய தாய்வழி உறவினர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். "தம்பி, நீங்க சட்டம் படிச்சவங்க. சொந்த நாட்டு மக்கள் மேல குண்டு போடுற அரசாங்கத்துக்கு ஆயுதம் விக்காதேன்னு சொல்ல, உலகத்துல ஒரு சட்டமும் இல்லையா?" என்று கேட்டார்.

சட்டம் இருக்கிறது. அது இலங்கையில் ஏன் பயன்படவில்லை? பயன்பட்டிருந்தால் மட்டும் போதுமா? மலேசியக் குடிமக்களான நமக்கு இதில் என்ன வேலை? அவருக்கு அன்று அவசரத்தில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

ஐ.நா. சாசனத்தின் 41ஆம் விதி, படைபலம் பயன்படுத்தாமலேயே ஒரு நாட்டை வழிக்குக் கொண்டுவரும் நடவடிக்கைகளை எடுக்கப் பாதுகாப்பு மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆயுதத் தடை அவற்றில் ஒன்று. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்க வேண்டாம் என்று 1963இல் மன்றம் வேண்டுகோள் விடுத்தது. அந்த வேண்டுகோள் கட்டாயத் தடையாக மாற 1977 நவம்பர் 4ஆம் தேதி வரை, 418ஆம் தீர்மானம் வரை, 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓர் உறுப்பு நாட்டின் மீது ஐ.நா. விதித்த முதல் கட்டாய ஆயுதத் தடை அதுதான். அதற்கும் முன்பே, 1960களின் தொடக்கத்தில், காமன்வெல்த் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் துணிந்து குரல் கொடுத்தவர் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். 1961இல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற சிறிய நாடு அன்று பேசியது, உலகம் கேட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இலங்கைக்கு வருவோம். 2009இல் போர் உச்சத்தில் இருந்தபோதும் இலங்கை விவகாரம் பாதுகாப்பு மன்றத்தின் முறையான நிகழ்ச்சி நிரலில் ஏறவே இல்லை. முறைசாராச் சந்திப்புகளோடு பேச்சு முடிந்தது. நிகழ்ச்சி நிரலிலேயே இல்லாத ஒரு போருக்குத் தடைத் தீர்மானம் எங்கிருந்து வரும்?

இதற்கிடையே ஒரு தரப்புக்கு மட்டும் தடைகள் வரிசையாக வந்தன. விடுதலைப் புலிகளை இந்தியா 1992இலும் அமெரிக்கா 1997இலும் பிரிட்டன் 2001இலும் தடை செய்தன. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இல் தடை செய்தன. அவற்றுக்குக் காரணமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. சிறார்களைப் படையில் சேர்த்ததையும் பொதுமக்கள் மீது நடத்திய தாக்குதல்களையும் எந்த மனித உரிமை இயக்கமும் மூடி மறைக்கலாகாது. நம் கேள்வி வேறு. மறு தரப்புக்கு என்ன நிபந்தனை வைக்கப்பட்டது?

இஸ்ரேலின் கிஃபிர் விமானங்களும் உக்ரைனின் மிக்-27 விமானங்களும் சீனாவின் எஃப்-7 விமானங்களும் இலங்கை விமானப் படைக்குப் போயின. பாகிஸ்தான் பல்குழல் எறிகணைச் செலுத்திகளைக் கொடுத்தது. இந்தியா ராடார் கருவிகளையும் ரோந்துக் கப்பலையும் கொடுத்தது. அமெரிக்கா தன் கடலோரக் காவல் கப்பல் ஒன்றைக் கைமாற்றியது. அமெரிக்க நாடாளுமன்றம் 2007 டிசம்பரில்தான் இலங்கைக்கான ராணுவ உதவிக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குள் மற்றக் கடைகள் எல்லாம் திறந்துவிட்டன. ஒரு வாசலை மட்டும் சாத்தினால் அது தடை ஆகாது.

ஒருதலைப்பட்சமான தடை, சமரசப் பேச்சையே உள்ளிருந்து அரித்தது என்பதுதான் முக்கியம். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டது. இனி வெல்ல முடியாது என்று கொழும்பு எண்ணிய அந்தச் சூழலில்தான் 2002 பிப்ரவரி 22இல் நார்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சித் தீர்வை ஆராய இரு தரப்பும் ஓஸ்லோவில் இணங்கின. 2003 ஜூனில் தோக்கியோவில் கூடிய உதவி நாடுகள் சுமார் 450 கோடி டாலர் தருவதாக அறிவித்து, சமாதான முன்னேற்றத்தோடு அதை இணைப்பதாகவும் சொன்னன. சொன்ன நிபந்தனை நடைமுறையில் இறுகவே இல்லை.

2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கூறினர். சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்கள் போய்விட, நார்வேயும் ஐஸ்லாந்துமே மிஞ்சின. கண்காணிக்கும் கண்கள் குறைந்தன, ஆயுதங்கள் குறையவில்லை. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தது. இறுதிக் கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்றும், பெரும்பாலான உயிரிழப்புக்கு அரசின் எறிகணை வீச்சே காரணம் என்றும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை பதிவு செய்தது.

அப்படியானால் ஆயுதத் தடை ஒன்றே மருந்தா? இல்லை. 1991இல் யூகோஸ்லாவியா முழுவதற்கும் விதித்த தடை, ஏற்கெனவே ஆயுதக் கிடங்கைக் கையில் வைத்திருந்த செர்பியத் தரப்புக்குச் சாதகமாகவும் போஸ்னிய முஸ்லிம்களுக்குப் பாதகமாகவும் முடிந்தது. தடை என்பது மேசைக்கு அழைத்து வரும் கை. மேசையும் வேண்டும், மேசையருகே எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நடுவரும் வேண்டும்.

இதற்கு உதாரணம் தேட ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆச்சே. 1999 செப்டம்பரில் கிழக்குத் திமோர் வன்முறைக்காக ஐரோப்பிய ஒன்றியம் இந்தோனேசியாவுக்கு விதித்த ஆயுதத் தடை நான்கே மாதங்களில் காலாவதியானது. 2003இல் ஆச்சேயில் ராணுவச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் ஹாக் விமானங்கள் அங்கே பறந்தன. பிறகு, 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கி உடன்பாடு எப்படி நிலைத்தது? ஆச்சே விடுதலை இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. ஜகார்த்தா தன்னாட்சியையும் எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 விழுக்காட்டையும் ஒப்புக்கொண்டது. இயக்கம் 840 ஆயுதங்களை நான்கு கட்டங்களாக ஒப்படைக்க, அதற்கு ஈடாக ராணுவமும் கட்டம் கட்டமாக வெளியேறியது. இரண்டையும் எண்ணிப் பார்த்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் அனுப்பிய கண்காணிப்பாளர்கள். அந்த ஐந்தில் மலேசியாவும் ஒன்று.

அடுத்தது மிண்டானாவோ. 2001 முதல் பிலிப்பீன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையே நடுவராக நின்றது நம் மலேசிய அரசு. 2004இல் நம் வீரர்கள் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றுப் போனார்கள். 2008 ஆகஸ்ட் 5இல் இங்கே கையெழுத்தாக இருந்த உடன்பாட்டை, முந்தின நாள் மணிலா உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மறுபடியும் சண்டை வெடித்தது. கண்காணிப்புக் குழுவிலிருந்த நம் வீரர்கள் திரும்பினார்கள். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பேச்சு மீண்டும் கோலாலம்பூரில் தொடங்கியது. 2010இல் குழுவும் திரும்பப் போனது. 2012இல் கட்டமைப்பு உடன்பாடு, 2014இல் முழு உடன்பாடு, 2019இல் பொது வாக்கெடுப்பு, பங்சாமோரோ தன்னாட்சிப் பகுதி. அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆயுத ஒப்படைப்பும் தேர்தலும் இழுபட்டன. ஆனாலும் மேசை இருக்கிறது.

இலங்கையிலும் நீதிமன்றம் குறுக்கே வந்தது. சுனாமி நிவாரணத்துக்காக 2005 ஜூனில் கையெழுத்தான பொதுக் கட்டமைப்பை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் முடக்கியது. 2006 அக்டோபரில் வடக்கு கிழக்கு இணைப்பைச் செல்லாது என்றது. மணிலாவில் நீதிமன்றத் தடைக்குப் பின்னும் நடுவர் திரும்பி வந்தார். கொழும்பில் நடுவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. கதவைத் தட்ட உலகத்துக்கு மனமும் இல்லை.

அப்போது நம் அரசு என்ன செய்தது? 2009 மே மாத இறுதியில் ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 2012, 2013, 2022 ஆகிய ஆண்டுகளில் பொறுப்புக்கூறல் தீர்மானங்கள் வந்தபோது நடுநிலை வகித்தது. ஆனால் 2021 ஜூன் 18இல், மியன்மாருக்கு ஆயுதம் போகாமல் தடுக்குமாறு ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது மலேசியா ஆதரித்தது. அதை மனதாரப் பாராட்டுகிறோம். ரோஹிங்யாக்களுக்காக உயரும் கை, ஈழத் தமிழருக்காக ஏன் மேசைக்கு அடியிலேயே இருக்கிறது?

அரசை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கக் கூடாது. 2009இல் மகஜர் ஒன்றை எடுத்துக்கொண்டு அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போன குழுவில் நானும் இருந்தேன். அதிகாரி மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். பிறகு, "நாங்கள் குறிப்பாக என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். "போரை நிறுத்தச் சொல்லுங்கள்" என்றோம். எந்த மன்றத்தில், எந்த வாக்கில், எந்தச் சட்டத்தின் கீழ் என்று சொல்ல எங்களிடம் ஒரு வரி இல்லை. சட்டம் படித்த நானே வெறுங்கையோடு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது இன்னொரு தடையும் சேர்ந்திருக்கிறது: பயம். 2014இல் மலேசியா புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2019 அக்டோபரில் சொஸ்மா சட்டத்தின் கீழ் 12 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். ஆனால் பயம் கைவிடப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயில் வாசலில்கூட 'ஈழம்' என்ற சொல்லைக் குரல் தாழ்த்தியே சொல்கிறோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தடை செய்யப்பட்ட அமைப்பை ஆதரிப்பது வேறு. நம் அரசு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று அரசிடமே கேட்பது வேறு. பின்னது கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி காக்கும் பேச்சுரிமைக்குள் வருவது.

ஆகவே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்.

ஒன்று: மலேசியா 2013 செப்டம்பரில் கையொப்பமிட்ட ஆயுத வர்த்தக உடன்படிக்கையைச் சட்டப்படி உறுதிசெய்ய அரசு எடுத்த நடவடிக்கை என்ன?

இரண்டு: 2010ஆம் ஆண்டின் வியூகப் பொருள் வணிகச் சட்டம் ஏற்றுமதியை மட்டுமன்றி, நம் துறைமுகங்களில் கப்பல் மாறும் சரக்கையும் தரகையும் கட்டுப்படுத்துகிறது. கிள்ளான் துறைமுகம் வழியே போகும் ராணுவச் சரக்குக்கு, போய்ச் சேரும் நாட்டின் மனித உரிமை நிலை கணக்கில் எடுக்கப்படுகிறதா?

மூன்று: இலங்கை குறித்து அடுத்த வாக்கெடுப்பு வரும்போது மலேசியாவின் நிலை என்ன? மிண்டானாவோ அனுபவத்தை அதிகாரப் பகிர்வுப் பேச்சுக்கு வழங்க விஸ்மா புத்ரா முன்வருமா?

மூன்றாவது கேள்வி காலம் கடந்தது என்று எண்ண வேண்டாம். வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகள் தேர்தலே நடத்தப்படவில்லை. துப்பாக்கி ஓய்ந்தது, துப்பாக்கி எழக் காரணமான கேள்வி ஓயவில்லை. 2023இல் கனடா இரு ராஜபக்சேக்கள் மீதும், 2025 மார்ச்சில் பிரிட்டன் மூன்று முன்னாள் படைத் தளபதிகள் மீதும் கருணா மீதும் தடை விதித்தன. அங்குள்ள தமிழர்கள் வாக்காளர்களாக நின்று, ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டார்கள்.

அந்தப் பெரியவர் விடைபெறும்போது, "நான் போறதுக்குள்ள ஏதாவது நடக்குமா தம்பி?" என்றார். நடக்கும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் மூன்று கேள்விகளையும் மலாயிலும் தமிழிலும் தட்டச்சு செய்து கொடுத்தேன். முதல் கையெழுத்து அவருடையது. அடுத்தது உங்களுடையதாக இருக்கட்டும்.