ஒற்றை வரியில் அடங்குமா நீரோட்டம்?

நம் சிவகாசி, சாத்தூர் கரிசலுக்கு அடியில் பெரும்பாலும் கடினப் பாறை. சிதைவும் வெடிப்பும் உள்ள இடத்தில்தான் தண்ணீர் நிற்கும். நான்கு கம்பிகளை வரிசையாய் நட்டு, வெளி இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, உள் இரண்டிற்கிடையே மின்னழுத்தம் அளந்து அதைத் தேடுகிறார்கள். பிரான்சில் 1912-இல் ஷ்லம்பெர்ஜர் தொடங்கிய முறை இது. வெளிக்கம்பிகளை விலக்க விலக்க ஆழத்தின் செய்தி கிடைக்கும்.

சிக்கல் அதன் பிறகுதான். மின்தடை எண் ஐந்தாறு ஓம்-மீட்டராகக் குறைந்தால் அது களிமண்ணாகலாம், உப்புத் தண்ணீராகவும் ஆகலாம். பக்கத்துக் கிணற்றில் வெட்டிய மண்ணையும் பாறையையும் பார்த்தால்தான் விடை நெருங்கும்.

சம்சாரிக்குக் கிடைக்கும் தாளிலோ, '300 அடியில் தண்ணீர்' என்று ஒற்றை வரி, அதுவும் ஆங்கிலத்தில்! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், ஊரில் இத்தாள்கள் என்னிடம்தான் வருகின்றன. நகையை அடகு வைத்துப் போர் போடுகிறவருக்கு இது போதாது. ஐயம் எங்கே, எத்தனை அடியோடு நிறுத்தலாம் என்று தமிழில் எழுதித் தரவேண்டும்.

'அப்படி எழுதினால் எவன் கூலி தருவான்?' என்பார்கள். உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்ப்பவரும் உறுதியாகத்தான் சொல்கிறார். பிறகு அந்தக் கருவியைச் சுமந்து வந்தது எதற்காம்?