கூச்சம் எவருடைய நோய்?

மலையக இளைஞரின் கூச்சத்துக்கு மருந்து கைத்தொலைபேசியிலேயே உண்டென அண்மைக் காலத்தில் கூறப்பட்டு வருகின்றது. மூச்சை எண்ணச் சொல்வன, மனத்தில் எழும் அச்சங்களைக் குறித்து வைக்கச் சொல்வன, தோழனைப்போல் உரையாடுவன எனச் சுயஉதவிச் செயலிகள் பலவாகப் பெருகியுள்ளன. மருத்துவரை நாடவும் நாணுபவனுக்கு, பிறர் அறியாவண்ணம் கிட்டும் உதவி என்பதே இவற்றின் பெருஞ்சிறப்பாகப் பேசப்படுவது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் பொருட்டு இவ்வாதம் எத்துணை தூரம் செல்லும் என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

இவற்றை முற்றாக ஒதுக்குதல் நேர்மையாகாது. இவற்றுள் பல, அறிகை நடத்தைச் சிகிச்சை எனப்படும் முறையைத் தழுவியவை. அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு பழகுவதே அதன் உயிர்நிலை. அம்முறை பயனற்றதெனக் கூறுவார் உளவியலறியாதவரே. உளநல ஆலோசகரைக் காண்பதற்கு மலையிறங்கி நகருக்குச் செல்ல வேண்டிய தோட்டமொன்றில், ஒன்றுமே இல்லாமைக்கு இஃது ஒன்றிருத்தல் மேல் என்பாருடன் வழக்கில்லை.

எனினும் மருந்தைக் கூறுமுன் நோயை நாடுதல் வேண்டும். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்ப்பகுப்பு நூலில் சமூக அச்சத்தைத் தனியொரு கோளாறாகச் சேர்த்தது. அந்நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முக்கியமானதொரு நிபந்தனையை வகுத்துள்ளது: எழும் அச்சம், உண்மையில் உள்ள ஆபத்துக்கும் சமூகப் பண்பாட்டுச் சூழலுக்கும் பொருந்தாத அளவில் மிகுந்திருத்தல் வேண்டும். செயலிகள் மறந்துவிடுவது இதனையே. ‘நீ பேசினால் பிறர் நகைப்பர் என்பது உன் கற்பனை; அதற்குச் சான்று உண்டா?’ என்ற பாங்கில் அவை வினவுகின்றன. மலையக மாணவனிடம் சான்று உண்டு. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை அவன் கனவிற் கேட்கவில்லை. அவன் வாய் திறந்ததும் அவனது பேச்சுத்தமிழைத் திரும்பச் சொல்லி நகைப்பவர் வேற்று மொழியினருமல்லர். தமிழ் பயிலும் அவனது சக மாணவரே. சிரிப்பு உண்மையாக இருக்கையில், சிரிப்புக்கு அஞ்சுபவனின் எண்ணத்தைத் திருத்த முனைவது எவ்வகைச் சிகிச்சை?

இக்கூச்சம் ஒரு தலைமுறையில் விளைந்ததுமன்று. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்வரை வாய்மூடி நின்ற மக்கள், துரையின் எதிரே தோளிற் கிடந்த துண்டை இறக்கியவர்கள், நிமிர்ந்து பேசினால் பற்றுச்சீட்டு நீட்டப்படும் என அறிந்திருந்தவர்கள், தம் பிள்ளைகளுக்கு அடக்கத்தையே பாதுகாப்பாகக் கற்பித்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகத்தின் பெரும்பகுதி, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் சட்டங்களாலும் நாடும் வாக்கும் இழந்தது. எஞ்சியிருந்தோர்க்கு அவ்வுரிமை முழுமையாக வழங்கப்பட்டது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமேயாகும். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குரலே சட்டப்படி இல்லாதிருந்தோரின் பேரப்பிள்ளை கருத்தரங்கில் பின்வரிசையில் அமர்வதைத் தனிமனித மனக்குறையெனப் பெயரிடுதல் வரலாற்றை அழித்தெழுதுவதாகும்.

இன்னொன்று, சிறியதெனினும் கருதத்தக்கது. ‘தனியறையில் கண்ணாடிமுன் நின்று உரக்கப் பேசிப் பழகுக’ என்பது இத்தகைய அறிவுரைகளுள் வழக்கமானது. லயன் காம்பராவில் தனியறை ஏது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், இருமினாலும் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் சுவருக்குள், எவன் உரக்கப் பேசிப் பழகுவான்! ‘எவரும் அறியாமல்’ என்ற வாக்குறுதியும் ஐயத்துக்குரியதே. இணையவழி உளநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனாளரின் தகவல்களை விளம்பரத்தின் பொருட்டு வேறு நிறுவனங்களுக்கு அளித்தமைக்காக 78 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென ஐக்கிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2023இல் கட்டளையிட்டது. பரவலாகப் புகழப்பெற்ற வோபொட் என்னும் உரையாடற் செயலியோ 2025ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மூடப்பட்டது.

மலையகம் கூச்சத்தைக் களையும் வழியறியாத மண்ணன்று. 1930களில் தோட்டமக்களைப் பாட்டால் திரட்டிய மீனாட்சியம்மாள், கோ. நடேசய்யரின் துணைவியார், மேடையின் அச்சத்தை மேடையிலேயே வென்ற மக்களைக் கண்டவர். மாசியில் காமன் கூத்து நிகழுங்கால், பகலெல்லாம் கணக்கப்பிள்ளைக்குத் தலைகுனிந்த இளைஞன் இரவில் மன்மதனாய் ஊர் நடுவே ஆடிப் பாடுகின்றான். அடி பிசகினால் வாத்தியார் திருத்துவார், சபை காத்திருக்கும். அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளுதல் என உளவியல் கூறுவது இதுவேயன்றோ? வேறுபாடு யாதெனின், அங்கே காத்திருக்கும் சபை ஒன்று உண்டு. செயலி அதனைத் தரவியலாது.

தரவேண்டியவர் விரிவுரை மண்டபத்தில் இருக்கின்றனர். மலையக மாணவன் ‘வந்துச்சுங்க’ என்றதும் நகைப்பெழும்போது, அதனைக் கேளாதார்போல் அடுத்த மாணவனிடம் செல்லும் விரிவுரையாளர், பின்னர் அம்மாணவனைத் தனியே அழைத்துச் ‘செயலி ஒன்று உண்டு, முயன்று பார்’ என்று பரிவுடன் கூறுவாராயின், அப்பரிவை ஏற்கும் கடமை அவனுக்கில்லை. அன்று நகைத்தவர்களை அவர் என்ன கேட்டார் என்பதே அவன் அறிய வேண்டியது.