மலிவான கருவியும் மெய்யான கல்வியும்

யந்திர வித்தை என்றவுடனே பெரிய தொழிற்சாலையும் லக்ஷக்கணக்கான மூலதனமும் வேண்டுமென்று மலைத்து நிற்கும் வழக்கம் நம்மவர்க்குள் இன்னும் ஒழிந்தபாடில்லை. துணி துவைக்கும் யந்திரம் முதல் மோட்டார் வண்டி வரையில் உள்ளிருந்து நடத்துவது மைக்ரோகண்ட்ரோலர் என்னும் நகத்தளவுச் சில்லேயாகும். அதனை நாம் தினந்தோறும் உபயோகிக்கிறோம். அதற்குக் கட்டளையிடுவோரோ வேறு யாரோ. இந்நிலை மாறுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இத்தாலி தேசத்தில் இவ்ரேயா என்றொரு சிறு நகரமுண்டு. ஒலிவெட்டி டைப்ரைட்டர்கள் பிறந்த ஊர் அது. அங்கிருந்த டிசைன் கலாசாலையில் மாணவர் பழகுவதற்குக் கிடைத்த பலகைகள் விலை மிகுந்தவையாயிருந்தன. அக்குறை தீர, அங்கு பயின்ற கொலம்பியா தேசத்தவராகிய எர்னாண்டோ பாரகான் 2003-ம் வருஷத்தில் 'வயரிங்' என்ற எளிய முறையை வகுக்கத் தொடங்கினார். அதனை அடிப்படையாகக் கொண்டு 2005-ல் மாஸ்ஸிமோ பான்ஸி முதலியோர் 'ஆர்டுயினோ' பலகையை வெளிப்படுத்தினர். கலாசாலையோ மூடப்படும் தறுவாயிலிருந்தது. அதனுடன் தங்கள் உழைப்பும் மடியாதிருக்கும் பொருட்டு, பலகையின் படத்தையும் புரோகிராமையும் எவரும் எடுத்தாளலாமென்று உலகத்தாருக்குத் திறந்துவிட்டனர். கலாசாலை மறைந்தது, பலகை உலகெங்கும் பரவிற்று. பூட்டி வைத்த வித்தை உடையவனோடு போகும், பகிர்ந்த வித்தை பெருகும் என்பதற்கு இதனினும் சிறந்த அத்தாட்சி வேண்டுமோ? 2021-ல் வெளியான ராஸ்பெர்ரி பை பிக்கோவின் விலை 4 டாலரே.

"இவை குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள்" என்று கற்றோர் சிலர் இகழ்வதுண்டு. அவர்கள் கூற்றை நாம் ஒப்புவதற்கில்லை. ஆர்டுயினோ ஊனோவிலுள்ள சில்லுக்கு விநாடி ஒன்றுக்கு 1 கோடியே 60 லக்ஷம் துடிப்புகள் உண்டு. புரோகிராமுக்கு 32 கிலோபைட் இடமும், வேலை செய்வதற்கு 2 கிலோபைட் நினைவும் உண்டு. இச்சிறுமையே அதன் சிறப்பு. பெரிய கம்ப்யூட்டரை முழுதும் அறிந்தவர் ஒருவருமிலர். இச்சில்லையோ பொறுமையுள்ள ஒரு வாலிபர் ஆதியோடந்தமாக அறிந்துகொள்ளலாம். சிக்கனமாகச் சிந்திக்கவும் அது பழக்குகிறது.

தொடங்குவோருக்கு வேண்டியவை ஒரு பலகை, ஒரு யு.எஸ்.பி. கம்பி, ஒரு பிரெட்போர்டு, ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இவ்வளவே. புரோகிராம் எழுதும் சாதனம் இனாமாகவே கிடைக்கிறது. முதலில் விளக்கை மினுக்கச் செய்க. பலகை தருவது 5 வோல்ட். விளக்கு கொள்வது சுமார் 2. மிஞ்சிய 3 வோல்ட்டை ரெசிஸ்டர் ஏற்பதால் சுமார் 14 மில்லி ஆம்பியரே ஓடுகிறது. ரெசிஸ்டரை விட்டுவிட்டால் மின்சாரம் வரம்பு மீறி, விளக்கேனும் சில்லேனும் கெடக்கூடும். கெட்டாலும் நஷ்டம் சொற்பம். கற்ற பாடம் மறவாது. மலிவான கருவியின் பெரும் பயன் இந்தத் துணிவே. ஆனால் வீட்டு மின்சாரத்தை மட்டும் தக்க பயிற்சியின்றித் தொடலாகாது.

இன்னொரு எச்சரிக்கை. பிறர் எழுதியதை அப்படியே ஏற்றி, விளக்கு மினுங்கியதும் மகிழ்ந்து நின்றுவிடுவது கல்வியாகாது. ஒரு வரியை மாற்றுக, என்ன நேருமென்று முன்னரே காகிதத்தில் எழுதுக, பிறகு ஒப்பிடுக. எண்ணியது பொய்த்தால் காரணம் தேடுக. அத்தேடலிலேதான் வித்தை இருக்கிறது.

வாசகசாலை நடத்தும் அன்பர்கள் பத்திரிகைகளுக்கு அருகில் இத்தகைய பலகை ஒன்றையும் வைப்பார்களாக. விலை கொடுத்து வாங்கிய யந்திரத்துக்கு நாம் உடையவர்களாகலாம். அதற்குக் கட்டளையிடக் கற்றாலன்றி எஜமானர்களாக மாட்டோம்.