பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

தியாகதுருகத்தில் ஒரு சின்னக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, 3 வயதுக் குழந்தை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். மாலை 7 மணிக்கு வரவேற்பு. பஸ்சில் கூட்டம். திரும்பி வர இரவு 11 மணி ஆகிவிடும். குழந்தை அழுது தீர்த்துவிடும்.

"நீங்க போய் மொய் எழுதிட்டு வந்துடுங்க. நான் வீட்டிலேயே இருக்கேன்" என்கிறாள் மனைவி.

போன மாதமும் இதே பேச்சுதான். அதற்கு முந்தைய மாதமும் இதே பேச்சுதான். குழந்தை பிறந்த நாள் முதல் அவள் ஒரு சினிமா பார்த்ததில்லை. ஒரு துக்க வீட்டுக்குக்கூடப் போக முடிந்ததில்லை.

ஒருமுறை கணவன் வீட்டில் இருந்து, மனைவி போய் வரலாமே? வரலாம். அப்படிச் செய்யவும் வேண்டும். ஆனால் இருவரும் சேர்ந்து போக வேண்டிய இடமும் உண்டு அல்லவா? அப்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

பாட்டி எங்கே?

முன்பெல்லாம் இந்தக் கேள்வியே எழவில்லை. வீட்டில் பாட்டி இருந்தாள். அத்தை இருந்தாள். சங்க காலப் பாட்டுகளில் செவிலித்தாய் வருகிறாள். பெற்றவளைப் போலவே பிள்ளையை வளர்த்தவள் அவள். பிள்ளை வளர்ப்பு ஒருத்தி தலையில் மட்டும் விழுந்த பாரம் அல்ல என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

இப்போது பாட்டி ஒரு ஊர், பேரன் ஒரு ஊர். 2019-ம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இப்படி அலுவலகமும் ஆஸ்பத்திரியும் வரும்போது, வேலைக்காக வந்து வாடகை வீட்டில் தங்கும் குடும்பங்களும் வருகின்றன. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரிய 6 மாதம் ஆகிறது!

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய திட்டம் அது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் அது பகல் நேரத்துக்கு. மாலையில் பூட்டிவிடுவார்கள். கல்யாண வரவேற்போ மாலையில்தான் நடக்கிறது!

சிறுமி வேண்டாம்!

சிலர் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மலைப் பக்கத்திலிருந்தோ, ஏழை உறவினர் வீட்டிலிருந்தோ 12 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்து வைத்துக்கொள்கிறார்கள். "சாப்பாடு போடுகிறோம், துணிமணி வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள்.

இது தர்மம் அல்ல. குற்றம்!

பிறர் வீட்டு வேலைக்குச் சிறுவர், சிறுமியரை வைப்பது 2006-ம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. 2016-ம் ஆண்டு சட்டம் இன்னும் கடுமையாயிற்று. 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அமெரிக்காவில் 11 வயதுப் பிள்ளைகளுக்கே இந்தப் பயிற்சி தருகிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். அங்கே செஞ்சிலுவைச் சங்கம் அப்படி வகுப்பு நடத்துகிறது. ஆனால் அந்தப் பிள்ளை சில மணி நேரம் இருந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறது. மறுநாள் பள்ளிக்கூடம் போகிறது. இங்கே அழைத்து வரும் சிறுமியோ அன்றோடு பள்ளிக்கூடத்தை மறக்கிறாள். ஒரு குழந்தையைக் காக்க இன்னொரு குழந்தையின் வாழ்வைப் பறிக்கலாமா?

கீரிப்பிள்ளை சொல்லும் பாடம்

தொட்டில் குழந்தையைக் கீரிப்பிள்ளையிடம் விட்டுப் போன தாயின் கதை எல்லோருக்கும் தெரியும். சிலப்பதிகாரத்திலும் அந்தக் கதை வருகிறது. பாம்பு வந்தது. கீரி அதைக் கொன்று குழந்தையைக் காப்பாற்றியது. வாயில் ரத்தத்தோடு எதிரே வந்த கீரியைப் பார்த்த தாய், அது பிள்ளையைக் கடித்துவிட்டது என்று எண்ணிக் கொன்றுவிட்டாள். உள்ளே போனால் குழந்தை சுகமாக இருக்கிறது!

அவசரப்பட்டுச் சந்தேகிக்காதே என்பது எல்லோரும் சொல்லும் பாடம். இன்னொரு பாடமும் உண்டு. அவள் கீரியை வளர்த்தாள். ஆனால் நம்பவில்லை. நம்பாத ஒன்றிடம் பிள்ளையை ஏன் விட்டுப் போனாள்? முன்பே சோதித்துத் தெளிந்திருந்தால், வாசலில் கண்ட ரத்தம் அவளை அப்படிக் கலக்கியிருக்காது.

ஆகவே சோதனை முதலில். நம்பிக்கை பிறகு.

எப்படிச் சோதிப்பது? வருகிறவர் வயது வந்தவராக இருக்கட்டும். தெருவில் பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ள அக்காக்கள் இருப்பார்கள். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் விசாரியுங்கள். குழுவில் கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறவர் யார், சொன்ன சொல் தவறாதவர் யார் என்பது அங்கே நன்றாகத் தெரியும்.

முதல் நாளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தாய் வீட்டில் இருக்கும்போதே இரண்டு மூன்று நாள் வந்து குழந்தையோடு பழகட்டும். அடுத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே ஒரு நாள் திரும்பி வாருங்கள். உள்ளே நடப்பது தெரிந்துவிடும்.

போகும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். குழந்தை என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், வேறு யாரை வீட்டுக்குள் விடக் கூடாது என்று எழுதி வையுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் வாளியையும் மூடிவிடுங்கள். உங்கள் போன் நம்பரோடு ஆம்புலன்சுக்கான 108-ஐயும் எழுதி ஒட்டுங்கள்.

திரும்பி வந்ததும் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். "அவங்க வேண்டாம்மா" என்று குழந்தை சொன்னால் அடக்காதீர்கள். காரணத்தை மெதுவாகக் கேளுங்கள். குழந்தைக்குத் தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் தெரிந்த மனிதராகவே இருக்கிறார். அதற்கென்று 2012-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. 1098 என்ற நம்பருக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும்.

சும்மா வேண்டாம்!

"கொஞ்ச நேரம்தானே, சும்மா பார்த்துக்கொள்ளட்டுமே" என்று நினைப்பது தவறு. 2005-ம் ஆண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? வேலை நடக்கும் இடத்துக்குத் தாய்மாரோடு 5 அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். மண் வெட்டுகிறவருக்கு உள்ள கூலியையே அவருக்கும் தர வேண்டும். பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது!

எனவே கூலியை முன்பே பேசுங்கள். வந்த உடனே கொடுங்கள். இரவானால் வீடு வரை துணைக்குப் போய் விட்டு வாருங்கள். மரியாதை கொடுத்தால் பொறுப்பும் வரும்.

காசு கொடுக்க வசதி இல்லையா? அதற்கும் வழி உண்டு.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1970-களில் சுமார் 150 குடும்பங்கள் ஒரு சங்கம் வைத்திருந்தன. ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு சீட்டு. பிள்ளையைப் பார்த்தவர் சீட்டு வாங்கிக்கொள்வார். பிறகு தன் பிள்ளையை விட்டுப் போகும்போது அந்தச் சீட்டைக் கொடுப்பார்.

ஒரு வேடிக்கை நடந்தது. பின்னால் உதவும் என்று எல்லோரும் சீட்டைச் சேர்த்து வைத்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. அதனால் பிள்ளை பார்க்கும் வாய்ப்பும் யாருக்கும் கிடைக்கவில்லை! கூடுதலாகச் சீட்டு அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் சங்கம் மறுபடி நடந்தது.

நமக்கு அச்சடித்த சீட்டு எதற்கு? மொய் நோட்டு இருக்கிறதே! அவர் நம் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்தார் என்று எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறோம். அதே போல நன்கு பழகிய 4 குடும்பங்கள் சேர்ந்து மணிக் கணக்கை எழுதி வைக்கட்டும். இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளை நம் வீட்டில் தூங்கட்டும். நாளை நம் பிள்ளை அங்கே தூங்கட்டும்.

நம்பிக்கை கடையில் விற்கும் சரக்கு அல்ல. பேசிப் பழகித்தான் அதைத் தேட வேண்டும். இன்று மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அடுத்த கல்யாணத்துக்காவது கணவனும் மனைவியும் சேர்ந்து போகட்டும்!