மழலையர்க்கு ஆசிரியர் யார்?

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் பருவங்களின் வைப்புமுறையில் மாணவரைச் சற்று நிறுத்துவது என் வழக்கம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொதுவாய் அமைய, இறுதி மூன்று மட்டுமே ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் வேறுபடும். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்திலூன்றிக் குழந்தை தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கைகளைச் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. இவையனைத்தும் புலவரின் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. எந்தத் திங்களில் குழந்தை எதனைச் செய்யும் என்று நாள்தோறும் பார்த்திருந்த கண்களே இவ்வரிசைக்கு மூலமாய் இருந்திருத்தல் வேண்டும். அவை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கண்கள். பாட்டியல் இலக்கணம் வகுத்தோர் பெயர் நிலைத்தது. பார்த்தறிந்தோர் பெயர் நிலைக்கவில்லை.

குழந்தையைப் பார்த்தறிவது ஓர் அறிவு. அது கற்கவும் கற்பிக்கவும் தக்கது. அவ்வறிவுடையார்க்கு அதற்குரிய தகுதியும் ஊதியமும் வழங்கப்படுதல் வேண்டும். இதுவே ஈண்டு நான் சொல்ல விழைவது. கேட்பதற்கு எளிய செய்தியாகத் தோன்றும். ஆயினும், நம் நாடு இதனை இன்றுவரை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. அதற்கு வித்திட்டவற்றுள் ஒன்று, கல்வியாளர் மீனா சுவாமிநாதன் தலைமையிலமைந்த குழு 1972இல் அளித்த அறிக்கை. அங்கன்வாடி என்பது முற்றத்தைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. மராட்டிய மண்ணில் ஆதிவாசிக் குழந்தைகளைத் தேடிச் சென்று அவர்தம் முற்றத்திலேயே பள்ளி நடத்திய தாராபாய் மோடக் அம்மையாரின் முயற்சியோடு இணைந்த பெயர் அது. தமிழ் மக்கள் நாவிலோ அது இன்றும் பால்வாடிதான். பால் கொடுக்கும் இடமாதலின் அப்பெயர் வந்தது என்று என் மாணவர் ஒருவர் தேர்வுத்தாளிலேயே எழுதியிருந்தார்! பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாலர் என்பதில் உள்ள ‘பால’ அது. எனினும், அம்மாணவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. சோறும் முட்டையும் சத்துமாவும் வழங்கும் இடம் என்பதற்கு மேல் அந்நிலையத்தைப் பற்றி நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

தமிழகத்தில் இத்தகைய மையங்கள் ஏறத்தாழ 54,000 உள்ளன. அங்குப் பணிபுரியும் பெண் ஆற்றவேண்டிய கடமைகளைக் காண்க. துணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, தாய்மார்க்கு ஊட்டச்சத்துக் கல்வி ஆகிய ஆறும் திட்டத்தின் சேவைகள். இவற்றுள் சிலவற்றைச் செவிலியரோடு சேர்ந்து செய்கிறார். இவற்றோடு பதிவேடுகள் உண்டு. எடை பார்த்தல் உண்டு. 2021 முதல் கைப்பேசிச் செயலியில் அன்றாடம் விவரம் ஏற்றும் வேலையும் உண்டு. இத்தனைக்கும் நடுவில்தான் இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டத்தை அவர் நடத்த வேண்டும்.

இப்பணிக்கு அவர் பெறும் பயிற்சி எத்தகையது? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முன்பருவக் கல்விப் பட்டயம் என்பது இரண்டாண்டுப் படிப்பு. அங்கன்வாடிப் பணியாளர்க்கோ பணியில் சேர்ந்தபின் தரப்படுவது வாரக்கணக்கில் அடங்கிவிடும். நடுவண் அரசு 2023இல் தொடங்கிய முன்பருவக் கல்வித் திட்டத்தில் அவர்க்கென வகுக்கப்பட்ட பயிற்சி மூன்று நாள். மூன்று நாளில் ஒரு குழந்தை புதிய இடத்தில் அழுகையை நிறுத்துவதே அரிது. ஆசிரியை எதனைக் கற்றுக்கொள்வார்?

சொற்களை ஆராய்வது எம் தொழிலாதலின், இத்துறையில் வழங்கும் சொற்களைச் சற்று நோக்குவோம். நடுவண் அரசின் ஆவணங்களில் இப்பெண் பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபர் முதல் நடுவண் அரசு நிர்ணயித்த தொகை பணியாளர்க்கு மாதம் ரூ. 4,500, உதவியாளர்க்கு ரூ. 2,250. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. தமிழகம் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குவதால் இங்கு நிலைமை சற்று மேல். ஆயினும் ‘சிறப்பு’ என்னும் அடைமொழி இங்குச் சிறப்பைக் குறிக்கவில்லை. முறையான காலமுறை ஊதியத்துக்கு வெளியே நிற்பதைக் குறிக்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு, ஆறு வயது நிரம்பும் வரை குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு ‘முயலும்’ என்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் பதினான்கு வயதினர்க்கு உரிமை வழங்கிவிட்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. முயலும், செய்யலாம், மதிப்பு! இம்மூன்று சொற்களுக்குள் இலட்சக்கணக்கான பெண்களின் வாழ்நாள் உழைப்பு அடங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டெனத் தீர்ப்பளித்த பிறகே, இவர்தம் வேலையும் வேலைதான் என்பது சட்டத்தின் ஒரு மூலையிலேனும் உறுதிப்பட்டது.

தமிழகத்தில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டுதல் தகும். 2019 சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அவ்வகுப்புகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் பலர் அதனைப் பதவி இறக்கமாகக் கருதி எதிர்த்தனர், நீதிமன்றத்தையும் நாடினர். தாம் பயின்றது ஐந்து வயதுக்கு மேற்பட்டோர்க்குக் கற்பிக்க என்ற அவர்தம் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மூன்று வயதுக் குழந்தையிடம் செல்வது ‘இறக்கம்’ என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? 2022இல் அவ்வாசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டனர். வகுப்புகள் நின்றுவிடும் என்ற நிலை எழுந்து, பெற்றோர் எதிர்ப்புக்குப் பின் தொடரும் என அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வகுப்புகளுக்கென மாதம் ரூ. 5,000 மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த முடிவாயிற்று. ஆசிரியப் பட்டயம் பெற்றவர்க்கும் ஐயாயிரம்! குழந்தையின் வயது குறையக் குறைய ஆசிரியரின் மதிப்பும் குறைகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பயிற்சி என்றவுடன் குழந்தை உளவியல் நூல்களை மனனம் செய்வித்தல் என்று பொருள் கொள்ளலாகாது. முதுகுப்புறம் நின்று பெயர் சொல்லி அழைக்கத் திரும்பாத குழந்தையைக் கண்டு, இது பிடிவாதமா, செவிக்குறையா என ஐயுறத் தெரிவது பயிற்சி. மூன்று வயதுப் பிள்ளை எப்பொழுது ‘ஏ பி சி டி’ எழுதும் என்று கேட்கும் பெற்றோர்க்கு, விரல் எலும்புகளும் தசைகளும் இன்னும் முதிரவில்லை. களிமண் பிசைவதும் புளியங்கொட்டை பொறுக்குவதும் மணி கோப்பதுமே எழுத்துக்கு முதற்படி என அஞ்சாமல் எடுத்துரைக்கும் துணிவு பயிற்சி.

மொழியாசிரியன் என்ற முறையில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் உருது பேசும் இல்லத்திலிருந்தோ, ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு பேசும் இல்லத்திலிருந்தோ வரும் குழந்தை, தமிழில் நடக்கும் மையத்தில் சில மாதங்கள் வாய் திறவாதிருக்கக் கூடும். அது மந்தம் அன்று. இரண்டாம் மொழியைச் செவிவழி சேமித்துக்கொண்டிருக்கும் மௌனம் அது. பயின்ற ஆசிரியை அதன் வீட்டு மொழியில் நான்கு சொற்களைக் கற்றுக்கொண்டு காத்திருப்பார். பயிலாதவர் ‘இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது’ என்று தாயிடம் சொல்லியனுப்புவார். அச்சொல்லை நம்பும் தாய் அதன்பின் அக்குழந்தையை எப்படி நோக்குவாள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, சான்றிதழ் வணிகம். என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்வதற்காக அஞ்சல்வழி ‘மாண்டிசோரி’ பட்டயம் ஒன்றைப் பணம் கட்டிப் பெற்றாள். பயிற்சிக்காலம் முழுதும் ஒரு குழந்தையைக்கூடத் தான் பார்க்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த வரலாறு உடைய நகரம் நம் தலைநகர். குழந்தையைக் குறுக்கிடாமல் உற்று நோக்குவதே அவர்தம் முறையின் உயிர். அவர் பெயரால் குழந்தையைக் காணாமலே சான்றிதழ்!

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பணியாளர்க்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், குறைந்த கல்வியுடையோர்க்கு ஓராண்டுப் பட்டயமும் பரிந்துரைத்தது. அக்கொள்கையைப் பற்றித் தமிழகத்துக்குள்ள மாறுபாடுகள் வேறு. அவற்றுள் பலவற்றோடு நானும் உடன்படுபவன். பணியிலுள்ளோர்க்கே தகுதி வழங்குவது என்ற இக்கருத்து மட்டும் வரவேற்கத்தக்கதே. ஆனால் அதனைத் தொலைக்காட்சி வழியும் கைப்பேசி வழியும் நடத்தி, மாதம் ஒருமுறையேனும் நேரடி வகுப்பு வைத்தால் போதும் என்பதை ஏற்க இயலவில்லை. நாளெல்லாம் செயலியில் எடையும் உயரமும் ஏற்றிச் சோர்ந்த பெண், இரவில் அதே கைப்பேசியில் பாடமும் கேட்க வேண்டுமா? அப்பட்டயத்தை முடித்தபின் அவர்தம் ஊதியம் எவ்வளவு உயரும் என்பது பற்றியும் அங்குத் தெளிவில்லை. ஊதியத்தோடு பிணைக்கப்படாத சான்றிதழ், நாளை அதனைப் பெறாதவரை வெளியேற்றும் கருவியாக மட்டுமே மாறிவிடக் கூடும். இருபது ஆண்டு பணியாற்றிய அம்மையாரை நேற்றுப் பட்டயம் பெற்றவரைக் காட்டி அச்சுறுத்துவது தகுதியுயர்வு ஆகாது.

நான் கருதும் வழி வேறு. பணியாண்டுகளைப் பயிற்சியின் பகுதியாகவே கணக்கிடுதல் வேண்டும். வட்டாரந்தோறும் நன்கு நடக்கும் மையம் ஒன்றைப் பயிற்சி மையமாக்கி, மூத்த பணியாளரையே பயிற்றுநராக்கி, மாதத்தில் சில நாள் அங்கே குழந்தைகளின் நடுவில் பயிலச் செய்யலாம். அந்நாள்களில் அவர்தம் மையத்துக்கு மாற்றுப் பணியாளர் வேண்டும். இல்லையேல் பயிற்சி நாள் குழந்தைகளுக்குப் பூட்டிய கதவு நாளாகிவிடும். உதவியாளரையும் விலக்கலாகாது. குழந்தை கீழே விழுந்தால் முதலில் தூக்குபவர் அவரே. ‘ஆயா’ என்றழைக்கப்படும் அப்பெண்ணும் படிப்படியாக ஆசிரியை நிலைக்கு உயரும் ஏணி இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஊதிய உயர்வு இன்னதென ஆணையிலேயே எழுதப்படுதல் வேண்டும்.

மனையியல், உளவியல் துறைகள் உள்ள கல்லூரிகள் இப்பயிற்சியில் கைகொடுக்கலாம். தமிழ்த்துறைகளுக்கும் இடமுண்டு. நாட்டுப்புறவியல் தாளுக்காக மாணவர் ஊர்தோறும் திரட்டிவரும் தாலாட்டுகளும் விளையாட்டுப் பாடல்களும் விடுகதைகளும், மதிப்பெண் இட்ட பிறகு துறை அலமாரியில் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. வரும் கல்வியாண்டில் அவற்றுள் குழந்தைகளுக்கு ஏற்றவற்றைப் பிரித்தெடுத்துப் படியெடுத்து, அருகிலுள்ள மையங்களின் ஆசிரியைகளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை முதுகலை இரண்டாமாண்டு மாணவர் ஏற்கலாம். எந்தப் பாட்டு எந்த வயதுக்குப் பொருந்தும் என்பதை அவர்களிடமே கேட்டுக் குறித்துவரவும் செய்யலாம்.