பிறந்த வீட்டுக்கு ஒரு நாள்

மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி எனக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். கோபம் என் மேல் இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டதால் மீதியைத் தைரியமாகப் படித்தேன். ஆடி மாதத்தில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஆசை தீரக் குளித்தாயிற்று. மலைக்கு மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகலாம் என்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், பாதை தொடங்குகிற இடத்திலேயே காவலர் கையை நீட்டி மறித்துவிட்டாராம். "என் பாட்டி போனாள், என் தாயார் போனாள். எனக்கு மட்டும் என்ன தடை? பார்த்தால் காடு தேய்ந்தா போய்விடும்? காரசாரமாக எழுதுங்கள்" என்று உத்தரவு போட்டிருந்தார்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. காரசாரமாகவே எழுதுவதென்று உட்கார்ந்தேன். ஆனால் பார்க்காத காட்டைப் பற்றி என்ன காரத்தைக் கூட்டுவது? அப்போது சித்திரை பிறந்திருந்தது. செண்பகாதேவி அம்மன் கோயிலில் சித்ரா பௌர்ணமி விழாவுக்கு வருகிற பக்தர்களை வனத்துறையினர் மேலே போக அனுமதிப்பதுண்டு. என் பெரியம்மாவுக்கு ஊர் தென்காசி. வயது 68. முழங்காலில் வலி, மனத்தில் பக்தி. இதைவிட நல்ல துணை ஏது? பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

சித்திரையில் குற்றாலமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. காரியாலயத்திலும் சிரித்தார்கள். குற்றாலத்துக்குச் சீஸன் ஜூன் முதல் ஆகஸ்டு வரையில். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலை வாரிக்கொண்டு வரும். தென்காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் அந்தக் காற்று ஆளையே உள்ளே தள்ளிவிடும். சித்திரையில் இந்த உபசாரம் ஒன்றும் கிடையாது. பேரருவியில் பாறைதான் பெரிதாகத் தெரிந்தது. அதன் மேல், அவிழ்த்துவிட்ட பின்னலைப் போல இரண்டு மூன்று இழை தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"மழை பெய்து எத்தனை நாள் ஆச்சு, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"பங்குனியிலே ஒரு நாள் தூறிச்சு. அதுக்கப்புறம் ஏது?" என்றாள்.

மழை இல்லை, ஆனால் தண்ணீர் வருகிறது. அப்படியானால் யார் ஊற்றுகிறார்கள்? எத்தனையோ வருஷமாகக் குற்றாலத்தில் குளித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. உங்களுக்குத் தோன்றியதுண்டோ?

பேரருவிக்கு மேலே சிற்றருவி. அங்கிருந்து செண்பகாதேவிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் காட்டுப்பாதை. தொடக்கத்திலேயே பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். என்னுடைய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி அங்கேயே நின்றுவிட்டது. பெரியம்மாவின் வாழையிலைப் புளியோதரைப் பொட்டலமும் எவர்சில்வர் செம்பும் ராஜமரியாதையோடு உள்ளே போயின.

முதலில் வெயிலும் பாறையும் முள்ளும்தான். கொஞ்ச தூரம் ஏறியதும், யாரோ ஜன்னலைச் சாத்தியது போல வெயில் நின்றுவிட்டது. தலைக்கு மேல் இலை; அதற்கு மேலும் இலை. கடற்கரையில் நாம் பார்க்கிற சவுக்குத் தோப்பில் ஊசி ஊசியாக இருக்குமே, அந்த மாதிரி அல்ல. எல்லாம் அகல இலை மரங்கள். ஓடையோரத்தில் வெள்ளைத் தோலோடு நீர்மருது. கொஞ்சம் தள்ளி நாவல், வேங்கை, காட்டு மா.

"ஏளா, மெல்லப் போ. காடு எங்கேயும் ஓடிப் போகாது" என்று பெரியம்மா ஒரு பாறையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் கிடந்த ஓர் இலையை எடுத்து என் கையில் கொடுத்தாள். நுனி வால் போல் நீண்டிருந்தது. "அரசிலை மாதிரி இல்லே?" என்றாள்.

பெண் குழந்தைக்கு அரைஞாணில் வெள்ளி அரசிலை கோத்துக் கட்டுகிறோமே, அதன் நுனியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை மிகுந்த காடுகளில் பல மரங்களுக்கு இலை இப்படித்தான் மூக்கு வைத்து வளர்கிறது. இலைமேல் விழுந்த தண்ணீர் தேங்காமல் அந்த மூக்கு வழியே சொட்டிவிடும். தேங்கினால் பாசி படரும், பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம் இலை வெயிலை வாங்கித் தன் சமையலை எப்படிச் செய்யும்?

சில கிளைகளில் தளிர்கள் செப்பு நிறத்தில் தொங்கின. மாந்தளிர்ப் பட்டு என்று ஜவுளிக் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த நிறந்தான். இளம் இலைக்குக் காடு போட்டுவிடுகிற சட்டை அது. கடும் வெயிலிலிருந்தும் பூச்சிகளின் வாயிலிருந்தும் அதைக் காப்பாற்றும் என்கிறார்கள் தாவர நூல் அறிந்தவர்கள். இலை முற்றிப் பச்சை ஏறியதும் சட்டை கழன்றுவிடும்.

ஆனால் நான் தேடி வந்த விடை மரத்தில் இல்லை, காலடியில் இருந்தது. பாதையை விட்டு ஓர் அடி தள்ளினால் மெத்தை போலச் சருகு. ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். மேலே காய்ந்த இலை. அதன் கீழே பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே காப்பிப் பொடி போலக் கறுப்பு மண். விரலை விட்டேன். சித்திரை வெயிலில், மழையில்லாத நாளில், அந்த மண் சில்லென்று ஈரமாக இருந்தது!

காப்பிப் பொடி என்று வாய் தவறிச் சொல்லவில்லை. காலையில் பில்டரில் வெந்நீரை ஊற்றுகிறோம். பொடி அதை வாங்கி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக டிகாக்ஷனை விடுகிறது. பொடி போடாமல் ஊற்றினால்? ஊற்றிய வேகத்தில் கீழே போய்விடும். அரைமணி கழித்துப் பார்த்தால் ஒரு சொட்டும் வராது. மலையும் அப்படித்தான். இலைகள் மழையின் அடியைத் தாங்கி நிதானமாகக் கீழே விடுகின்றன. சருகு அதை வாங்கிக்கொள்கிறது. வேர்கள் துளைத்த மண் உள்ளே இழுத்துக்கொண்டு, பாறை இடுக்குகள் வழியாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கசியவிடுகிறது. அந்தக் கசிவு சேர்ந்துதான் சிற்றாறு. அதுதான் பேரருவியாக விழுந்து, தென்காசிச் சீமை வயல்களில் பாய்ந்து, கடைசியில் தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. நான் பார்த்த அந்த இரண்டு மூன்று இழை, போன மழையில் காடு பிடித்து வைத்த சேமிப்பு.

இந்த மலைத்தொடரின் அருமை உலகத்துக்கும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது. மலைக்கு மேற்கே கேரளத்தில் இருக்கும் செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் தந்த செங்குறிஞ்சி மரம், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறத்தியை மலைவளம் பாடவிடும்போது குரங்குகளைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அது வேடிக்கைக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். குரங்கும், மலை அணிலும், இருவாச்சிப் பறவையும் பழத்தைத் தின்று விதையைப் போடுகிற இடத்தில்தானே அடுத்த மரம் முளைக்கிறது? காட்டுக்குத் தோட்டக்காரர்கள் அவர்கள்தாம்.

செண்பகாதேவிக்குப் போய்ச் சேர்ந்தோம். செண்பக மரங்கள் நிறைந்த இடமானதால் இந்தப் பெயர் என்பார்கள். அருவி ஒல்லியாக விழுந்துகொண்டிருந்தது. அம்மனுக்கு நல்ல கூட்டம். கும்பிட்டுவிட்டு, புளியோதரையைப் பிரித்தோம். மாம்பலத்து வாசகியின் கடிதத்தைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

"பாட்டி போனா, அம்மை போனா. சரிதான். போய் என்ன பண்ணினோம்னு யாரும் சொல்லலியே" என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் 40 பேர் வந்தோம். அதோ, அந்தப் பாறையிலேதான் மூணு கல் வச்சு அடுப்பு. கைக்கு எட்டின கிளையெல்லாம் ஒடிச்சு எரிச்சோம். தலை முழுக்க எண்ணெய், சீயக்காய். எச்சில் இலையையும் தண்ணியிலேதான் விட்டோம். அது தப்புன்னே தோணலை. அன்னிக்கு 40 பேர். இன்னிக்கு ஊரே காரிலே வருது. திறந்துவிட்டா இந்த மெத்தை எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மண்ணை மிதித்து மிதித்துக் களிமண் தரையாக்கிவிட்டால் பில்டரில் பொடி ஏது?

பகல் திரும்புவதற்குள்ளேயே காவலர்கள் எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார்கள். வானம் பளிச்சென்று இருந்தது. "இதற்குள் என்ன அவசரம்?" என்று முணுமுணுத்தேன். "இங்கே வெயில் அடிக்கும் அம்மா, மேலே கறுத்திருக்கும்" என்றார் ஒருவர்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் வெள்ளத்தோடு போய்விட்டான். விடுமுறை மாதம். எந்தத் தாய் அதை நினைத்திருப்பாள்? காடு நல்ல பில்டர்தான். ஆனால் ஒரு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்த்தால் எந்தப் பில்டரும் வழியத்தான் செய்யும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கவிடுவதில்லை. "இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் போவதா?" என்று காவலரோடு மல்லுக்கு நிற்கிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். இனிமேல் நிற்க மாட்டேன்.

ஆகையால், மாம்பலத்துச் சகோதரி, காரசாரமாக எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்த கட்டுரை வேறு மாதிரி முடிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். காட்டைப் பார்க்க வேறு வழியும் இருக்கிறது. குற்றாலநாதர் கோயிலில் தலவிருட்சம் குறும்பலா. ஒரு மரத்தையே சாமியாகக் கும்பிட்ட ஊர் என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஐந்தருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது. மர நிழலில் ஆற அமர நடக்கலாம். சீஸனில் மங்குஸ்தான் பழம் வாங்கும்போது ஒரு கதையும் சொல்லுங்கள். மலாய்ச் சீமை மழைக்காட்டில் பிறந்த பழம் அது. குற்றாலத்து ஈரம் அந்தச் சீமை ஈரத்தைப் போல இருக்கக் கண்டுதான் கும்பினிக்காரர்கள் இங்கே ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் தோட்டம் போட்டார்கள். அருவிக்கடியில் நிற்கும்போது ஒரு நிமிஷம் மேலே நிமிர்ந்து பாருங்கள். எண்ணெயும் சோப்பும் அருவிகளில் தடை. அதைக் காவலருக்காக அல்லாமல் அந்தத் தண்ணீருக்காகவே வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இறங்கும்போது பெரியம்மா ஒரு நீர்மருதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வருஷத்துக்கு ஒரு நாள்தான் விடுகிறார்கள் என்று உங்களுக்கு வருத்தமே இல்லையா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"என்ன வருத்தம்? இது அம்மன் வீடு, எனக்குப் பிறந்த வீடு மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவை போனா மஞ்சள் குங்குமம் வச்சு அனுப்புவாங்க. தினமும் போய் உட்கார்ந்தா மதினிக்கு முகம் சுருங்காதா?" என்றாள்.

முழங்கால் வலியோடு கீழே வந்து சேர்ந்தோம். பேரருவியில் அந்த இரண்டு மூன்று இழைகள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன. பெரியம்மா செம்பை நீட்டி ஒரு செம்புத் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். பிறந்த வீட்டுச் சீர் அல்லவா?